பெரிய மெமரி கார்டு போட்டதும் கேமரா முரண்டு பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சிறிய மெமரி கார்டை எடுத்துவிட்டு அதிகக் கொள்ளளவுள்ள கார்டைப் போட்டவர்கள், நேற்றுவரை ஒழுங்காக இருந்த கேமரா இன்று கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி என்னிடம் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் கேமரா உண்மையிலேயே கெட்டிருந்தவை மிகச் சில. பெரும்பாலும் புதிய கார்டு அந்தக் கேமராவின் வயதுக்குப் பொருந்தாததாக இருக்கும்; இல்லையேல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யப்படாமல் (அதாவது, உள்ளிருப்பதை அழித்துப் புதிதாக எழுதத் தயார் செய்யப்படாமல்) இருக்கும்; சில வேளைகளில் கேமராவும் கார்டும் நன்றாகவே இருக்க, கார்டைக் கணினியோடு இணைக்கும் கார்டு ரீடர்தான் குற்றவாளியாக இருக்கும்.

ஆகவே, புதிய கார்டு வாங்கியதும் பழைய கார்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கீழே வரும் சோதனைகள் அனைத்திலும் அதுவே நமக்கு உரைகல். அதோடு, கார்டில் உள்ள படங்களுக்கு வேறோர் இடத்தில் பிரதி இருக்கிறது என்று உறுதியாகும்வரை, "ஃபார்மட் செய்யவா?" என்று கேமராவோ கணினியோ கேட்கும் எந்தக் கேள்விக்கும் சம்மதம் தெரிவிக்கக் கூடாது.

அறிகுறி: கேமரா "கார்டு பிழை" என்கிறது, அல்லது கார்டே இல்லை என்கிறது

முதலில் கேமராவை அணைத்து, பழைய கார்டைப் போட்டுப் பாருங்கள்.

*பழைய கார்டும் வேலை செய்யவில்லை எனில்,* கோளாறு கார்டு செருகும் இடத்தில் இருக்கிறது. கார்டு "க்ளிக்" என்ற ஓசையுடன் முழுமையாக உட்காருகிறதா, பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்கிறதா, கார்டு மூடி சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பல கேமராக்கள் அந்த மூடி சற்றே திறந்திருந்தாலும் கார்டைப் படிக்க மறுத்துவிடும். பிறகு கார்டின் பின்புறமுள்ள பொன்னிறத் தகடுகளை இழைகள் உதிராத உலர்ந்த துணியால் மெல்லத் துடையுங்கள். அழிப்பான் வைத்துத் தேய்ப்பதைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அது மேற்பூச்சையும் சேர்த்தே உரித்துவிடும் என்பதால் நான் செய்வதில்லை. வாயால் ஊதுவதும் வேண்டாம், ஈரம் உள்ளே போகும். துளைக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது ஏதேனும் ஒரு கம்பி வளைந்தோ உட்புதைந்தோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு கேமராவைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். காம்பாக்ட் ஃப்ளாஷ் என்ற பழைய, பெரிய வகைக் கார்டுகளைப் பயன்படுத்தும், துளைக்குள் 50 ஊசிகள் கொண்ட கேமராக்களில் இந்தக் கோளாறு மிகச் சாதாரணம். ஊசியை நாமே இடுக்கியால் நிமிர்த்த முயன்று முறித்துவிட்டால் செலவு பல மடங்காகும்.

*பழைய கார்டு வேலை செய்கிறது, புதியது மட்டும் செய்யவில்லை எனில்,* அடுத்துப் பார்க்க வேண்டியது கார்டின் மீதுள்ள எழுத்துகளை. இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள், ஏனெனில் எஸ்டி கார்டுகள் அனைத்தும் ஒரே அளவு: 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம். எல்லாம் எல்லாக் கேமராவிலும் நுழையும். நுழைவதனால் மட்டும் பொருந்திவிட்டதாக ஆகாது.

வெறும் "எஸ்டி" என்று முத்திரையிட்டவை 2 ஜிபி வரை. "எஸ்டிஎச்சி" என்பவை 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை. இந்த வகை 2006-இல் வந்தது. "எஸ்டிஎக்ஸ்சி" 32 ஜிபிக்கு மேல் 2 டிபி வரை. இது 2009-இல் வந்தது. புதிய கேமரா பழைய வகைக் கார்டை ஏற்கும், பழைய கேமரா புதிய வகையை ஏற்பதற்கு உறுதி இல்லை. அதாவது 32 ஜிபி கார்டு ஓடிய கேமராவில் 64 ஜிபி போடுவது, கொள்ளளவை இரட்டிப்பாக்குவது போலத் தோன்றினாலும், உண்மையில் ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டுவதாகும். 16-இலிருந்து 32-க்கோ, 64-இலிருந்து 128-க்கோ போகும்போது இப்படிப்பட்ட சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை.

கேமராவின் கார்டு மூடிக்கு அருகிலோ கையேட்டிலோ எந்த முத்திரை இருக்கிறது என்று தேடுங்கள். அதன்பின் செய்ய வேண்டியவை:

1. கேமராவில் எஸ்டிஎக்ஸ்சி முத்திரை இருந்தும் பிழை வருகிறது எனில், புதிய கார்டைக் கேமராவின் மெனுவுக்குள் சென்று ஃபார்மட் செய்யுங்கள். கணினியிலோ வேறு கேமராவிலோ ஃபார்மட் செய்த கார்டாக இருந்தால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

2. எஸ்டிஎச்சி முத்திரை மட்டும் இருந்தால், முதலில் கேமரா நிறுவனத்தின் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்) பட்டியலைப் பாருங்கள். சில கேமராக்களுக்குப் பெரிய கார்டுகளின் ஆதரவு பின்னாளில் ஃபர்ம்வேர் வழியாகவே வந்து சேர்ந்தது. எக்ஸ்க்யூடி என்ற வேறு வகைக் கார்டை மட்டும் ஏற்றுவந்த சில கேமராக்கள், அதே வடிவமுள்ள சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டை ஏற்கத் தொடங்கியதும் அவ்வாறுதான். அப்படி எதுவும் இல்லையெனில், எஸ்டிஎக்ஸ்சி கார்டை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் (கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஃபார்மட் செய்து போட்டால் சில கேமராக்கள் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டாலும், முக்கியமான நிகழ்ச்சிக்கு அதை நம்பிச் செல்லும் முன் கார்டு நிறையும்வரை ஒருமுறை படமெடுத்துச் சோதித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், அந்தச் சோதனையை விட 32 ஜிபி கார்டுகள் இரண்டு வாங்கிவிடுவது மேல்.

3. கேமரா வெறும் எஸ்டி முத்திரையுடையது எனில், 4 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள எஸ்டிஎச்சி கார்டை எப்படி ஃபார்மட் செய்தாலும் பயனில்லை. கார்டில் இடத்தைக் குறிக்கும் முறையே வேறு. 2 ஜிபி கார்டைத்தான் தேட வேண்டும். அக்காலத்துக் கேமராக்கள் சில 1 ஜிபியோடு நின்றுவிடுவதும் உண்டு.

சின்ன மைக்ரோஎஸ்டி கார்டை எஸ்டி அளவுள்ள உறையில் (அடாப்டரில்) செருகிப் பயன்படுத்துபவர்கள், மேற்சொன்ன எதையும் செய்யும் முன் உறையை மாற்றிப் பாருங்கள். தொடுமுனைகள் இரட்டிப்பாவதால் பிழைக்கான வாய்ப்பும் இரட்டிப்பாகிறது. கேமராவுக்கென்றே வாங்குவதாயின் முழு அளவுக் கார்டை வாங்குவதே முறை.

அறிகுறி: கார்டு பூட்டப்பட்டிருப்பதாகக் கேமரா சொல்கிறது

கார்டின் எழுத்துப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடது விளிம்பில் ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் தொடுமுனைகள் உள்ள பக்கமாகத் தள்ளினால் பூட்டு திறக்கும். திறந்த பிறகும் அதே செய்தி வருமானால் நெம்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். கார்டை உள்ளே தள்ளும்போது உராய்வினால் அதுவே பின்னுக்கு நகர்ந்து பூட்டிக்கொள்கிறது. நெம்பைத் திறந்த நிலையில் வைத்து அதன்மேல் மெல்லிய ஒட்டு நாடா ஒட்டினால் அப்போதைக்கு வேலை நடக்கும், ஆனால் நாடா துளைக்குள் உரிந்து சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு கார்டை மாற்றிவிடுங்கள். எல்லாக் கார்டுகளுக்கும் இதே செய்தி வந்தால், நெம்பின் நிலையை உணரும் கேமராவின் உட்பகுதி பழுதாகியிருக்கும். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

அறிகுறி: கேமராவில் படம் தெரிகிறது, கணினியில் கார்டு திறக்கவில்லை

கணினி "இந்தக் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று சொல்லும் இடம் இதுதான். படங்கள் பறிபோவது பெரும்பாலும் இந்த ஒரு கணத்தில் என்பதால் நிதானம் வேண்டும். கார்டைக் கேமராவில் திரும்பப் போடுங்கள். படங்கள் தெரிந்தால் கார்டு நலமாக இருக்கிறது. கேமராவை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு நேரடியாக இணைத்து, முதலில் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய கார்டை அதே ரீடரில் போட்டால் திறக்கிறது, புதியது மட்டும் திறக்கவில்லை எனில், ரீடர் பழைய வகையைச் சேர்ந்தது. 2006-க்கு முந்தைய ரீடருக்கு எஸ்டிஎச்சி புரியாது. மடிக்கணினிகளில் உள்ளேயே பொருத்தப்பட்ட பழைய ரீடர்கள் சிலவற்றுக்கு எஸ்டிஎக்ஸ்சி புரியாது. எஸ்டிஎக்ஸ்சி முத்திரையுள்ள யூஎஸ்பி ரீடர் ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்தது. இந்த முழு வழிமுறையிலும் மிகக் குறைந்த செலவில் தீரும் கோளாறு இதுவே, ஆனால் கேமராவையும் கார்டையும் மாற்றிய பிறகே பலருக்கு இது தோன்றுகிறது.

ரீடர் புதிதாக இருந்தும் திறக்கவில்லை எனில், கணினியின் இயங்குதளத்தைப் பாருங்கள். எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு இதற்கெனத் தனியான புதுப்பித்தல் வேண்டும்; மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6.5-இலிருந்து ஆதரவு உண்டு. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 2019-இல் வந்த 5.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய கணினியை மாற்ற முடியாதவர்கள் 32 ஜிபியைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

அறிகுறி: அச்சிட்ட கொள்ளளவை விடக் குறைவாகக் காட்டுகிறது

எவ்வளவு குறைவு என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

64 ஜிபி கார்டு விண்டோஸில் 59.6 என்றும், 128 ஜிபி கார்டு 119.2 என்றும் காட்டினால் கோளாறு ஏதுமில்லை. கார்டு தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

64 ஜிபி கார்டு ஏறத்தாழ 32 ஜிபி என்று மட்டும் காட்டினால், எங்கோ ஒரு கருவியில் தவறாக ஃபார்மட் ஆகியிருக்கிறது. படங்களைப் பிரதி எடுத்துவிட்டு, எஸ்டி சங்கம் இலவசமாக வழங்கும் எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர் என்ற மென்பொருளால் ஃபார்மட் செய்து, அதன்பின் கேமராவிலும் ஒருமுறை ஃபார்மட் செய்யுங்கள்.

கேமராத் திரையில் "மீதமுள்ள படங்கள் 999" அல்லது "9999" என்று நின்றுவிட்டு எத்தனை படமெடுத்தாலும் குறையாமல் இருந்தால், எண்ணிக்கை காட்டும் கட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை என்பதே காரணம். உண்மையான எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கிய பிறகு குறையத் தொடங்கும்.

அறிகுறி: முதல் சில நூறு படங்கள் நன்றாக உள்ளன, பிந்தையவை திறக்கவில்லை

சாம்பல் நிறப் பட்டைகள், பாதி மட்டும் தெரியும் படங்கள், பெயர் இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகள் ஆகியவை கார்டின் குறிப்பிட்ட அளவுக்கு மேலே மட்டும் தோன்றினால், போலிக் கார்டு என்று முதலில் சந்தேகியுங்கள். 16 ஜிபி மட்டுமே உள்ள கார்டைத் தன்னை 128 ஜிபி என்று சொல்லும்படி மாற்றி அமைத்து விற்கிறார்கள். கேமராவும் கணினியும் கார்டு சொல்வதை அப்படியே நம்புகின்றன. 16 ஜிபி நிறைந்த பிறகு எழுதுபவை எங்கும் பதிவாவதில்லை, அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழுகின்றன. சிறிய கார்டிலிருந்து மாறியவர், கொண்டாட்டத்தின் முதல் பாதிப் படங்களோடு வீடு திரும்பும் கதை இதனால்தான் நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. நேரம் பிடிக்கும்: நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 64 ஜிபியை நிரப்பவே 53 நிமிடம் ஆகும், படித்துச் சரிபார்ப்பது தனி. இருந்தாலும் புதிதாக வாங்கும் ஒவ்வொரு பெரிய கார்டையும், பொருளைத் திருப்பித் தரும் காலம் முடியும் முன்பே, இரவில் இப்படிச் சோதனைக்குப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது என் வழக்கம்.

சோதனையில் கார்டு தோற்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபார்மட் செய்து பயனில்லை. தேறிவிட்டது, ஆனால் படங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுதாகின்றன எனில் ரீடரையும் கம்பியையும் மாற்றிப் பாருங்கள். கேமராத் திரையில் முழுமையாகத் தெரியும் படம் கணினியில் மட்டும் பழுதாகத் தெரிந்தால், அது பிரதி எடுக்கும்போது நேர்ந்த பிழையாக இருக்கக்கூடும். ஆனால் கேமரா பல வேளைகளில் கோப்புக்குள் இருக்கும் சிறு முன்தோற்றத்தையே காட்டும் என்பதால், திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

அறிகுறி: தொடர்ச்சியாகப் படமெடுக்கும்போது கேமரா திணறுகிறது

கொள்ளளவும் வேகமும் வேறு வேறு. பெரிய கார்டு வாங்கியவர் அதனாலேயே வேகமான கார்டை வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். பழைய 16 ஜிபி கார்டு புதிய 128 ஜிபி கார்டை விட விரைவாக எழுதுவதும் உண்டு. பழைய கார்டைப் போட்டு அதே அமைப்பில் பத்து நொடி தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். அதிலும் அப்படியே திணறினால் கேமராவின் இயல்பு அவ்வளவுதான். ரா எனப்படும் பதப்படுத்தாத பெரிய கோப்பை விட்டு ஜேபெக் மட்டும் எடுத்தால் சற்றுத் தேறும்.

பழையது நன்றாக ஓடினால் புதிய கார்டின் முத்திரைகளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். கேமராவுக்குத் தேவையானது எழுதும் வேகம். உறுதி செய்யப்பட்ட குறைந்தபட்ச எழுதும் வேகத்தை மற்ற முத்திரைகள் சொல்கின்றன: "சி" வளையத்துக்குள் 10 எனில் நொடிக்கு 10 எம்பி, "யு"வுக்குள் 1 எனில் 10 எம்பி, 3 எனில் 30 எம்பி, "வி30", "வி60", "வி90" என்பவை எண்ணிலேயே வேகத்தைச் சொல்லிவிடும். "ஏ1", "ஏ2" என்ற முத்திரைகள் கைபேசிச் செயலிகளுக்கானவை, அவற்றுக்காகப் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

யுஎச்எஸ்-2 என்ற அதிவேக வகைக் கார்டுகளின் பின்புறம் இரண்டாவது வரிசைத் தகடுகள் இருக்கும். அந்த வரிசைக்கான இணைப்பு இல்லாத கேமராவில் அவை யுஎச்எஸ்-1 வேகத்திலேயே, அதாவது அதிகபட்சம் நொடிக்கு 104 எம்பி என்ற எல்லைக்குள்ளேயே ஓடும். கெடுதல் இல்லை, ஆனால் கொடுத்த கூடுதல் விலைக்குக் கேமராவில் பயனும் இல்லை.

அறிகுறி: வீடியோ தானாக நின்றுவிடுகிறது அல்லது துண்டாகிறது

எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

சில நொடிகளில் நின்றால் கார்டின் வேகம் போதவில்லை. வீடியோவின் அளவு பிட்டுகளில் சொல்லப்படுகிறது, கார்டின் வேகம் பைட்டுகளில்; எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வீடியோவுக்குத் தேவை 12.5 எம்பி; வி30 கார்டு தாராளமாகப் போதும். 400 மெகாபிட் வீடியோவுக்கு 50 எம்பி வேண்டும்; வி60-க்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். வேகமான கார்டாக இருந்தும் நின்றால், கேமராவிலேயே முழு ஃபார்மட் செய்து மீண்டும் முயலுங்கள்.

சரியாக 29 நிமிடம் 59 நொடியில் நின்றால், அது பல பழைய கேமராக்களில் தயாரிப்பாளரே வைத்த வரம்பு. எந்தக் கார்டும் அதை மாற்றாது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நேரத்தில் நின்று, திரையில் வெப்பநிலைக் குறியும் வந்தால், கேமரா சூடாகிறது என்று பொருள். ஒளிப்பதிவு நிற்காமல், கோப்பு மட்டும் ஏறத்தாழ 4 ஜிபிக்கு ஒன்றாகப் பிரிந்தால், கார்டு ஃபேட்32 முறையில் இருக்கிறது. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எஸ்டிஎக்ஸ்சி கார்டைக் கேமராவில் ஃபார்மட் செய்தால் பல கேமராக்களில் இது நீங்கும். நீங்காவிட்டாலும் கணினியில் இணைத்துக்கொள்ளலாம், இழப்பு ஏதுமில்லை.

அறிகுறி: கேமரா விழித்தெழ நேரமாகிறது

பெரிய கார்டில் மீதமுள்ள இடத்தைக் கணக்கிட பழைய கேமராக்களுக்குச் சில நொடிகள் கூடுதலாகத் தேவைப்படும். கேமராவில் ஃபார்மட் செய்தும், பழைய படங்களைக் கார்டிலேயே சேர்த்து வைக்காமலும் இருந்தால் குறையும்.

அறிகுறி: இடம் இருந்தும் படமெடுக்க மறுக்கிறது

கோப்புறை உருவாக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால், கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் கோப்புறைக்குள் உள்ள எண்களைப் பாருங்கள். கோப்புறைகள் 100 முதல் 999 வரை, படங்கள் 0001 முதல் 9999 வரை மட்டுமே எண்ணிடப்படும். கோப்புறை எண் 999-ஐயும் படத்தின் எண் 9999-ஐயும் எட்டிவிட்டால் கார்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் கேமரா கையை விரித்துவிடும். வேறு கேமராவில் பயன்படுத்திய கார்டைப் போட்டதாலேயே எண்கள் இப்படித் தாவியிருக்கக்கூடும். படங்களைப் பிரதி எடுத்து, கார்டை ஃபார்மட் செய்து, மெனுவில் கோப்பு எண்ணை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அறிகுறி: இருந்த படங்கள் காணவில்லை

கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, நெம்பைப் பூட்டுங்கள். ஒரு படம்கூட மேற்கொண்டு எடுக்கக் கூடாது, ஏனெனில் புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதன் இடத்தை விழுங்கலாம்.

கார்டு கணினியில் தன் முழுக் கொள்ளளவோடு தென்பட்டால், நாமே முயலலாம். முதலில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாகக் கணினியில் நகலெடுத்துவிட்டு, மீட்புப் பணியை அந்த நகலின்மீது நடத்துங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பெரிதும் உதவும். விரைவு ஃபார்மட் செய்த கார்டிலிருந்து படங்கள் மீள்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கேமராவில் ஆழ்நிலை ஃபார்மட் (லோ லெவல் ஃபார்மட்) என்ற தெரிவோடு செய்திருந்தால் நம்பிக்கை குறைவு. மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

கார்டு எந்த ரீடரிலும் தென்படவில்லை, அல்லது 0 பைட் என்றோ சில எம்பி மட்டுமே என்றோ காட்டுகிறது, அல்லது நகலெடுக்கும்போது சூடாகி நின்றுவிடுகிறது எனில் மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை. படங்கள் விலைமதிப்பற்றவை என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் அந்த நிலையிலேயே கொடுங்கள். அவர்கள் கார்டின் உள்ளிருக்கும் நினைவகச் சில்லோடு நேரடியாகத் தொடர்பு கொண்டு படிப்பார்கள், அதற்குக் கட்டணமும் கார்டின் விலையைப் போலப் பன்மடங்கு இருக்கும். கொடுக்கும்போது கார்டோடு, எந்தக் கேமராவில் பயன்படுத்தினீர்கள், ராவா ஜேபெக்கா, பிழை வந்த பிறகு என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பவற்றையும் ஒரு தாளில் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். அதே கேமராவில் பழைய கார்டில் எடுத்த நல்ல படம் ஒன்றையும் மாதிரிக்குச் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் தேடுவது எளிதாகும்.